ஆண்டவன் வீட்டில் ஆணுக்கு மட்டுமா அரியணை?

எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் ஆளரவமற்ற பாதையிலே ஒரு தேர் வருகிறது. தேரிலே அமர்ந்திருப்பவர் எத்தியோப்பிய நாட்டு அரசியின் கருவூலத்துக்குக் காவலர். மடியிலே ஏசாயாவின் ஏடு. ஓடிச் சென்று தேரைப் பிடித்து, உடன் அமர்ந்து, ஏட்டின் பொருளை எடுத்துரைக்கிறார் பிலிப்பு. வழியிலே தண்ணீரைக் கண்டதும், நான் ஞானமுழுக்குப் பெறத் தடை என்ன என்று கேட்கிறார் தேரில் வந்தவர். பிலிப்பு தடை சொல்லவில்லை. கமிட்டியைக் கூட்டவில்லை; நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் கூறும் செய்தி இது.

தேரில் வந்தவர் யார்? சீர்திருத்தச் சபையார் தலைமுறை தலைமுறையாய் வாசித்துவரும் தமிழ் வேதாகமம் அவரை 'மந்திரி' என்கிறது. கிரேக்க மூலத்திலோ இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று அதிகாரி என்று பொருள்படுவது. மற்றொன்று அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர் என்று பொருள்படுவது. கிரேக்கம் நாம் அறியோம். பள்ளிப் படிப்போடு பேனா பிடிக்க வந்தவர்கள் நாம். ஆனால் இரண்டிலே ஒன்று போனால் மிச்சம் ஒன்று என்ற கணக்கைப் பள்ளியிலே படித்திருக்கிறோம். 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்திலே அந்தச் சொல் பட்டவர்த்தனமாக நிற்கிறது. தமிழ்க் கரைக்கு வந்தபோது மந்திரி மட்டும் இறங்கினார். அண்ணகர் நடுக்கடலிலே காணாமற் போனார்!

தமிழில் சொல் இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஏசாயா 56-ஆம் அதிகாரத்திலே, அதே தமிழ் வேதாகமத்திலே, 'அண்ணகர்' என்ற சொல் இருக்கிறது. உபாகமம் 23-ஆம் அதிகாரம் இத்தகையோரைச் சபைக்குள் வரலாகாது என்று விலக்கியது. ஏசாயாவோ, விலக்கப்பட்ட அவர்களுக்கே பிள்ளைப்பேற்றினும் மேலான பெயரும் புகழும் உண்டு என்று வாக்களித்தார். தேரிலே வந்தவர் படித்துக்கொண்டிருந்தது 53-ஆம் அதிகாரம். இன்னும் மூன்றே அதிகாரம் புரட்டியிருந்தால் தம்மைப் பற்றிய செய்தியையே கண்டிருப்பார்!

பகுத்தறிவுப் பாசறையிலே பயின்றவர்களுக்கு வேதாகமத்திலே என்ன வேலை என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். வேலை இருக்கிறது. கருவறைக்குள்ளே பிறப்பால் ஒருவன் நுழையலாம், இன்னொருவன் நுழையலாகாது என்பதை எதிர்த்து அரை நூற்றாண்டு போராடியவர்கள் நாம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970-இல் சட்டம் கண்டோம். வழக்குமன்றப் படிக்கட்டெல்லாம் ஏறி இறங்கி, 2021-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகக் கண்டோம். 2023-இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்று பெற்ற காட்சியையும் கண்டோம். கோயிலுக்கு ஒரு நீதி, தேவாலயத்துக்கு வேறொரு நீதி என்றால், ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று ஊர் பேசாதா? சிறுபான்மையினரின் உரிமைக்கு ஊறு வரும்போதெல்லாம் உடன் நிற்பவர்கள் நாம். உடன் நிற்பவனுக்கு உண்மையைச் சொல்லும் கடமையும் உண்டு. புகழ்ந்து பேசிவிட்டுப் போவதற்கு, பொங்கல் வாழ்த்துச் சுவரொட்டி போதும், தலையங்கம் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஊர்த் தேவாலயத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். பெண்கள் பகுதி நிரம்பி வழியும். உலையில் இடும் அரிசியிலே ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் சேர்த்துக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுகிறவள் பெண். ஓய்வுநாள் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள் பெண். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வீடு வீடாகச் சென்று வேதம் வாசித்த வேதாகமப் பெண்கள் இல்லாவிட்டால், தென்னாட்டிலே பாதிச் சபைகள் முளைத்தே இரா. ஆனால் சேகரக் கமிட்டியிலே கணக்குப் பார்க்கும் நேரம் வந்தால், மேசையைச் சுற்றி வேட்டிகளும் கால்சட்டைகளுமே! கலயம் நிரப்பியவள் வராந்தாவிலே காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் கண்டவர் மகதலேனா மரியாள் என்று யோவானின் சுவிசேஷம் கூறுகிறது. சீடர்களுக்குச் செய்தி கொண்டு ஓடியவரும் அவரே. ஆண் சீடர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு அஞ்சியிருந்த வேளையிலே, இருட்டோடு கல்லறைக்குப் போனவள் ஒரு பெண். அவளுக்குக் கிடைத்த பரிசு என்ன? 591-இல் முதலாம் கிரகோரி என்ற போப்பாண்டவர், பெயர் சொல்லப்படாத வேறொரு பாவிப் பெண்ணோடு இவளைச் சேர்த்து ஒரே ஆளாக்கிப் பிரசங்கம் செய்தார். சான்று இல்லை, சாட்சி இல்லை. பதினான்கு நூற்றாண்டு அந்தப் பழி அவள் தலையிலே இருந்தது. 2016-இல்தான் போப் பிரான்சிசு அவளது நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்கு உரிய திருநாள் நிலைக்கு உயர்த்தினார். விழா எடுத்தார்கள், சரி. பலிபீடத்திலே நிற்க அவள் வழிவந்தவளுக்கு இடம்? 1994-இல் இரண்டாம் யோவான் பவுல், பெண்ணுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று கதவைச் சாத்திய ஆணை இன்றும் அப்படியே இருக்கிறது. தூது போகலாம், துதி பாடலாம், தலைமை தாங்க மட்டும் ஆகாதாம்!

மேனாட்டுப் பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கி நூறாண்டைத் தாண்டிவிட்டது. எலிசபெத் கேடி சுடாண்டன் என்ற அமெரிக்க மூதாட்டி, பெண்ணைத் தாழ்த்தும் வேதாகமப் பகுதிகளையெல்லாம் எடுத்துவைத்து விளக்கம் எழுதி, 1895-இல் 'பெண்ணின் வேதாகமம்' வெளியிட்டார். வாக்குரிமைக்காக அவரே வளர்த்த சங்கம், அடுத்த ஆண்டே அந்நூலுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று தீர்மானம் போட்டது. சொந்தப் படையே பின்வாங்கிய கதை இது. 1971 நவம்பரில் ஆர்வர்டு பல்கலைக்கழகத் தேவாலயத்திலே ஞாயிறு வழிபாட்டில் பிரசங்கம் செய்ய முதன்முதலாக ஒரு பெண்ணை அழைத்தார்கள். மேரி டேலி என்ற அந்தப் பேராசிரியை பிரசங்கத்தை முடித்தார். பெண்ணை ஒடுக்கும் மதத்தை விட்டு வெளியேறுவோம் என்றார். மேடையிலிருந்து இறங்கி நடந்தார். பலர் பின்தொடர்ந்து வெளியே போனார்கள். நம் தந்தை பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' படித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆனால் வெளியேறியவர்களைவிட, உள்ளேயே நின்று கேட்டவர்கள் பட்ட பாடுதான் நம் கவனத்துக்கு உரியது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிசு நகரிலே ஒரு மாநாடு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர், பெரும்பாலோர் பெண்கள், பல நாட்டவர். மேடை ஒருபுறம், கேட்போர் மறுபுறம் என்றில்லாமல், வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து பேசினார்கள். கடவுளைத் தந்தை என்று மட்டுமே ஏன் அழைக்க வேண்டும், வேதாகமமே ஞானத்தைப் பெண்ணாகப் பேசுகிறதே என்று கேட்டார்கள். பாலும் தேனும் பகிர்ந்து வழிபட்டார்கள். பேசியவர்களிலே ஒருவர் நம் நாட்டு அருணா ஞானதாசன். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பெண்கள் பிரிவிலே பணியாற்றியவர். ஒருவருக்குள் இருக்கும் தெய்விகத்தை மற்றவர் போற்றும் அடையாளமாக நெற்றியிலே செம்பொட்டு இடுவதும் அங்கே நடந்தது. (நம் ஊரிலே ஞானமுழுக்கோடு நெற்றிப் பொட்டை அழிக்கச் சொல்லப்பட்ட பெண்களின் வழித்தோன்றல்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்களோ, அழுவார்களோ!) பெண்ணைக் காதலிக்கும் பெண்கள் ஏறத்தாழ நூறு பேர் மேடை முன்னே வந்து, நாங்களும் இந்தச் சபையின் மக்களே என்று நின்றார்கள். கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது.

அவ்வளவுதான்! கொதித்தெழுந்தது வைதீகம். புறச்சமய வழிபாடு என்றார்கள். பெண் தெய்வத்தைக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். பிரசுபிட்டேரியன் திருச்சபை அந்த மாநாட்டுக்குக் கொடுத்த 66,000 டாலரைச் சுட்டிக்காட்டிப் பல சபைகள் தலைமைக்கு அனுப்பும் காணிக்கையை நிறுத்தின. அந்தத் திருச்சபையின் உயர் பொறுப்பிலிருந்த மேரி ஆன் லண்டி 1994-இல் பதவி இழந்தார். நான்கு நாள் பேசியதற்கு இந்தத் தண்டனை! பெண் கடவுளைப் பற்றிப் பேசியதா குற்றம்? பணப்பெட்டியின் சாவியைத் தொட்டுப் பார்த்ததுதான் குற்றம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு இருபது ஆண்டு முன்பு நடந்தது இன்னும் கொடுமை. தன்பால் காதலர் என்பதற்காகச் சபையை இழந்த டிராய் பெரி என்ற போதகர், 1968 அக்டோபர் 6-ஆம் நாள் கலிபோர்னியாவிலே தம் வீட்டுக் கூடத்திலேயே பன்னிரண்டு பேரை வைத்து வழிபாடு தொடங்கினார். எங்கும் இடமில்லாதவர்களுக்கு ஓர் இடம். அது ஊர் ஊராகக் கிளைத்தது. நியூ ஆர்லியன்சு நகரத்துக் கிளையினர், மாடியிலிருந்த ஒரு மதுக்கூடத்திலே கூடுவது வழக்கம். 1973 சூன் 24, ஞாயிற்றுக்கிழமை மாலை. யாரோ படிக்கட்டிலே தீ வைத்தார்கள். 32 பேர் மாண்டார்கள். அச்சபையின் போதகர் பில் லார்சன் சன்னல் கம்பிகளுக்கிடையே சிக்கிக் கருகினார். தெருவில் போவோர் காண அந்த உடல் மணிக்கணக்கில் அங்கேயே இருந்தது. குற்றவாளி என்று எவரும் தண்டிக்கப்படவில்லை.

செத்தவர்களை அடக்கம் செய்ய வேண்டுமே! கோயில் கோயிலாகக் கதவு தட்டினார்கள், கதவுகள் திறக்கவில்லை. சிலருடைய உடலைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தாரும் வரவில்லை; அவர்களை ஏழை அனாதைகளின் இடுகாட்டிலே புதைத்தது நகராட்சி. வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற எபிசுகோபல் குருவானவர் மட்டும் தம் கோயிலைத் திறந்து சிறு வழிபாடு நடத்தினார். அதற்காகத் தம் பேராயரிடம் கண்டனம் பெற்றார். வசை மடல்கள் குவிந்தன. பின்னர் ஒரு மெதடிசுடு கோயிலிலே நினைவு வழிபாடு நடந்தது. அந்நகரத்துக் கத்தோலிக்கப் பேராயர், அன்று ஆறுதல் சொல்லத் தவறியதற்கு வருத்தம் தெரிவித்தது 2013-இல். நாற்பது ஆண்டு கழித்து! பிணத்தின் மீதும் பகை பாராட்டுகிற பக்தி என்ன பக்தி என்று கேட்க நாத்திகனாக இருக்க வேண்டியதில்லை.

மாற்றமே இல்லையா என்றால், இருக்கிறது. தன்பால் வாழ்வு கிறித்தவ போதனைக்கு ஒவ்வாதது என்று 1972-இல் எழுதிவைத்த அமெரிக்க ஐக்கிய மெதடிசுடு திருச்சபை, 2024-இல் அந்த வரியை நீக்கிவிட்டது. அதற்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்து போயின. விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் 1994-இல் பெண்கள் குருவானார்கள். 2025 அக்டோபரில் கான்டர்பரிப் பேராயர் பதவிக்கே சாரா முல்லல்லி என்ற பெண்ணின் பெயர் அறிவிக்கப்பட்டது. வத்திக்கானும் 2023-இல் இரண்டடி நகர்ந்தது. திருநர் ஞானமுழுக்குப் பெறலாம் என்றது. தன்பால் இணையரைக் குருக்கள் ஆசீர்வதிக்கலாம், ஆனால் திருமணம் போலத் தோன்றக்கூடாது என்றது. கதவைத் திறந்தும் திறக்காமலும் காற்று வாங்கும் வித்தை!

சரி, நம் மண்ணுக்கு வருவோம். கல்குளம், இரணியல் பகுதிகளிலே நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நாஞ்சில் நாட்டவர் மறக்கவில்லை. மார்பை மறைக்கும் உரிமை சாதியால் மறுக்கப்பட்ட சாணார் பெண்கள், மிஷன் கோயிலிலே சேர்ந்து மேலாடை அணிந்தார்கள். சந்தையிலே சீலையைக் கிழித்தார்கள் ஆதிக்கக்காரர்கள். பள்ளிகளையும் செபக் கூடங்களையும் கொளுத்தினார்கள். 1859-இல் திருவிதாங்கூர் மன்னர் பணிந்து ஆணை பிறப்பிக்கும் வரை அந்தப் பெண்கள் பணியவில்லை. மிஷனரிமார் துணை நின்றார்கள். அதை மறைப்பது நன்றி கொன்ற செயல். வடக்கன்குளத்துக் கோயிலிலே சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டதையும் பாராட்டுகிறோம். பெண்ணின் தோளுக்குச் சீலை வாங்கித் தந்த திருச்சபை, அந்தத் தோளிலே குருவானவரின் பட்டையைப் போட ஏன் இத்தனை தயங்கியது?

தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பரில், நாடு விடுதலையடைந்த அடுத்த மாதம். முதல் பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது 1976-இல். முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா ஆந்திரத்து நந்தியாலில் பொறுப்பேற்றது 2013-இல். ரோமாபுரியோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சல், மறுக்கவில்லை. ஆனால் பட்டம் பெற்ற பெண்ணைப் பெரிய நகரத்துக் கோயிலுக்கு அனுப்பத் தயங்குவதும், மருத்துவமனைக்கும் விடுதிக்கும் பொறுப்பாக்கி ஒதுக்கி வைப்பதும் என்ன முறை? தேர்வு எழுதவிட்டுத் தேர்ச்சிச் சான்றைப் பெட்டியிலே பூட்டுகிற கதை அல்லவா?

திருநங்கையர் நிலையோ அதனினும் கடினம். கலைஞர் ஆட்சியிலே 2008-இல் அவர்களுக்கென நலவாரியம் கண்ட நாடு இது. இழிசொற்களை நீக்கித் 'திருநங்கை' என்ற சொல்லை மக்கள் நாவிலே ஏற்றிய நாடு இது. செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்ச் சபை ஒன்றிலே திருநங்கை ஒருவர் போதகராகப் பணியாற்றிய செய்தியும் ஏடுகளிலே வந்ததுண்டு. ஆக, முடியாத காரியமல்ல. ஆயினும் பெரும்பாலான ஊர்களிலே நடப்பதென்ன? எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் கடைசி வரிசையில் ஒண்டி, திருவிருந்துக்கு எழலாமா கூடாதா என்று திகைத்து, ஆராதனை முடியுமுன்னே எழுந்து போகிற ஓர் உருவத்தை நீங்கள் பார்த்ததில்லையா, கிறித்தவத் தோழர்களே?

பிள்ளை தன்பால் ஈர்ப்புடையவன் என்று தெரிந்தால் பேய் பிடித்ததென்று உபவாசக் கூட்டத்துக்கு இழுத்துச் செல்லும் பெற்றோர் இன்றும் உண்டு. கையை வைத்து அழுத்தி, காதிலே கத்தி, நோன்பென்று பட்டினி போட்டு 'விடுதலை' அளிக்கிறார்களாம்! 2021 சூன் மாதம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை 'மாற்றும்' மருத்துவ முயற்சி கூடாது என்று ஆணையிட்டார். மருத்துவருக்கே அது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கூறிவிட்டது. படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர் செய்தால் குற்றம். ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தவர் செய்தால் ஊழியமா?

இதெல்லாம் மேனாட்டு இறக்குமதி என்பார் சிலர். இறக்குமதிதான், எது இறக்குமதி என்பதிலேதான் வேறுபாடு. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்திலே வந்தது. 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியபோது, மீண்டும் பல் கட்டச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியவர்களின் பட்டியலைப் பாருங்கள். முதற்பெயருக்கு உரியவர் ஒரு சோதிடர்! அவரோடு அதே வரிசையிலே அப்போஸ்தலச் சபைகளின் கூட்டணி ஒன்று. சோதிடத்தை அருவருப்பு என்று பிரசங்கிப்பவர்கள், சோதிடரோடு தோளுரசி நின்ற காட்சி! 2013-இல் வென்றார்கள், 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு அந்த வெற்றியைத் துடைத்தெறிந்தது. 2023-இல் தன்பால் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. நமக்கு அதிலே உடன்பாடில்லை. ஆயினும் அதே தீர்ப்பு, திருநங்கை ஒரு ஆணையும் திருநம்பி ஒரு பெண்ணையும் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்றது. 1872-ஆம் ஆண்டுக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற ஆயர்கள், நாளை அப்படி ஒரு இணையர் வந்தால் கோயிலிலே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களா?

வாக்கு போய்விடும் என்று நண்பர்கள் சிலர் காதைக் கடிக்கிறார்கள். 1967-இல் அறிஞர் அண்ணா ஆட்சிக்கு வந்த ஆண்டே, புரோகிதரில்லாச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட உரிமை கொடுத்தார். புரோகிதர்களின் வாக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பிடி அரிசிக் கலயம் ஏந்தும் தாய்மார்களுக்கும் வாக்கு உண்டு என்பதை நண்பர்களுக்கு நினைவூட்டுகிறோம். அவர்களிலே பலருக்கு, வீட்டை விட்டுப் போன ஒரு பிள்ளையின் புகைப்படம் பெட்டிக்கடியிலே இருக்கிறது.

எந்தச் சட்டத்தைக் கொண்டும் திருச்சபையின் பீடத்தை அரசு கைப்பற்ற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை; கேட்க மாட்டோம். பீடம் உங்களுடையது, தீர்மானமும் உங்களுடையது. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் சாவி யார் கையிலே இருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அந்தக் கையை நோக்கிக் கேட்கிறோம். உங்கள் சேகரத்தைச் சேர்ந்த திருநங்கை ஒருவர் இறந்துபோனால், வாயிலைத் திறப்பீர்களா? செபம் சொல்வீர்களா? சிலுவையிலே எந்தப் பெயரைப் பொறிப்பீர்கள், பெற்றோர் இட்ட பெயரையா, அவர் சூடிக்கொண்ட பெயரையா? பேராயர்களும் பங்குத்தந்தைகளும் கமிட்டித் தலைவர்களும் விடையை எழுத்தில் அனுப்பட்டும். ஒரு வரியும் குறைக்காமல் இதே பக்கத்திலே வெளியிடுகிறோம்.